பாலக்காட்டுக் கணவாயின் இசைமரபு

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பகுதி பாலக்காட்டுக் கணவாய் எனப்படுகிறது. கொங்கு நாட்டையும் மலையாளக் கரையையும் நெடுங்காலமாக இணைத்துவரும் இவ்வழியின் கிழக்கு வாயிலில், கேரளத்தின் சித்தூர் வட்டத்து எல்லையோரமாக, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைந்த இந்நிலத்தில் பயிரும் பேச்சும் கோவைப் பக்கத்தை ஒத்திருப்பதால், ஆட்சி எல்லை இன்ன இடத்தில் தொடங்குகிறது என்பதைச் சோதனைச்சாவடியைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. இந்தக் கணவாயிலும் அதன் இருமருங்கிலும் பிறந்த சிலர் 20ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய இசையின் போக்கையே மாற்றினர். கணவாய் என்னும் நிலவியல் உண்மை ஒரு கலையின் உள்ளமைப்பிலேயே பதிந்திருப்பதை இசையில்தான் தெளிவாகக் காண முடிகிறது.

இவ்வழியே போரும் வந்தது, குடியேற்றமும் வந்தது. சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘கொங்கன் படை’ என்னும் விழா, கிழக்கிலிருந்து வந்த கொங்கு மன்னனின் படை தோற்றுத் திரும்பியதாகக் கூறப்படும் போரை நடித்துக் காட்டுவதாகும். அவ்விழா நடக்கும் ஊரைச் சுற்றிலுமே தமிழ் பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். காவிரிக் கரையிலிருந்து பெயர்ந்துவந்த பிராமணக் குடும்பங்கள் பாலக்காட்டு அச்சன்மார் என்னும் குறுநில ஆட்சியாளர்களின் ஆதரவில் கல்பாத்தி, நூரணி, சாத்தபுரம் போன்ற அக்கிரகாரங்களை, அதாவது கோயிலை ஒட்டி வரிசை வீடுகளாக அமைந்த குடியிருப்புகளை, உருவாக்கின. கல்பாத்தி விசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது என்பர். அதன் தேர்த்திருவிழா மயிலாடுதுறைத் தேர்த்திருவிழாவின் முறையைத் தழுவியது. சோழநாட்டு வழிபாட்டோடு பஜனையும் கதாகாலட்சேபமும், பின்னர் கச்சேரி முறையும் இத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. நூரணியில் தோன்றிய பரமேசுவர பாகவதர், 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் பாடும் நிலைக்கு உயர்ந்தார்.

கிழக்கிலிருந்து வந்த இந்த மரபு மேற்கே செவியை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பாலக்காட்டு, வள்ளுவநாட்டுக் கோயில்களில் மாரார் முதலிய வாத்தியக் குடியினர் பேணிவந்த தாள இசை, உலகின் வேறெந்த மரபுக்கும் இளைத்ததன்று. அதில் தலையாயது தாயம்பகை. முதன்மைக் கலைஞர் ஒருவர் செண்டையில் தம் கற்பனையை விரிக்க, மற்றவர்கள் துணைச் செண்டையாலும் இலைத்தாளத்தாலும் காலத்தைக் காத்து நிற்க, மிக மெதுவான பதிகாலத்தில் தொடங்கிப் படிப்படியாக விரைந்து உச்சத்தை எட்டும் தனி வாசிப்பு அது. பாட்டு இல்லை, சொல் இல்லை. தாளம் ஒன்றே ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் அவையைக் கட்டி நிறுத்தும். இக்கலையில் பெரும்புகழ் பெற்ற பல்லாவூர் அப்பு மாராரும் அவருடைய சகோதரர்களும் சித்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்களே.

திமிலை, மத்தளம், இடைக்கை, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்து கருவிகளும் சேர்ந்து முழங்கும் பஞ்சவாத்தியத்தின் வரலாறு இவ்விரு மரபுகளும் கலந்ததற்கு இன்னும் உறுதியான சான்றாகும். இன்று கேரளத்தின் அடையாளமாகவே கருதப்படும் இக்கூட்டிசை, நீண்ட நேரம் நீடிக்கும் கட்டுக்கோப்பான வடிவத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் அடைந்தது. அவ்வடிவத்தைச் சமைத்தவர்களுள் முதன்மையான ஒருவர், திருவில்வாமலையைச் சேர்ந்த மத்தளக் கலைஞரான வெங்கிச்சன் சுவாமி என்னும் தமிழ்ப் பிராமணர். அன்னமனட அச்சுத மாரார் போன்ற திமிலைக் கலைஞர்களோடு இணைந்து அவர் செய்த பணியைப் பஞ்சவாத்திய வரலாறு எழுதுவோர் எவரும் விடுவதில்லை. கர்நாடக இசை வரலாறு எழுதுவோர் அவரை நினைப்பது அரிது. இவ்விரு வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டதால் நேர்ந்த குறை இது.

அந்தத் திருவில்வாமலைக்கு அருகிலுள்ள பழையனூரில்தான், 1912ஆம் ஆண்டு, பாலக்காடு மணி ஐயர் பிறந்தார். பாகவதராக விளங்கிய சேஷத்தின் மகனான அவர், சாத்தபுரம் சுப்பையரிடமும் கல்பாத்தி விசுவநாத ஐயரிடமும் மிருதங்கம் பயின்று, பத்து வயதை ஒட்டியே மேடையேறத் தொடங்கிவிட்டார். ஏறத்தாழ 15 வயதில் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தபோது, கணவாய்க்கு மேற்கே பழகிய செவி காவிரிக் கரைப் பாடமுறையோடு கூடியது. மணி ஐயரின் தனியாவர்த்தனத்தில், அதாவது கச்சேரியின் நடுவே தாளக் கருவிக்கென ஒதுக்கப்படும் பகுதியில், காலப் பிரமாணத்தை அவசரமின்றி நிலைநிறுத்தி, சிறிய சொற்கட்டு ஒன்றை எடுத்துப் பலபடியாக வளர்த்து, முழக்கமான முத்தாய்ப்பில் கொண்டுவந்து சேர்க்கும் கட்டமைப்பில் செண்டையின் சாயலை இசை விமர்சகர்கள் பலர் சுட்டியிருக்கின்றனர்.

ஆயினும் அவருடைய பெருஞ்சாதனை தனியாவர்த்தனத்தில் அடங்குவதன்று. பாட்டுக்கு வாசித்ததில்தான் அது இருக்கிறது. அவருக்கு முன்னரும் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மேதைகள் மிருதங்கத்தை உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தனர். அவர் காலத்திலேயே பழனி சுப்பிரமணிய பிள்ளை அவருக்கு நிகராக, முற்றிலும் வேறான அழகோடு வாசித்தார். கீர்த்தனையின் சாகித்தியத்தை, அதாவது சொல்லமைப்பை, முழுதுமாக உள்வாங்கி, எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே இடைவெளி, எவ்விடத்தில் கருவி ஓய்ந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் பாடகரைப் போலவே அறிந்து வாசிப்பதை ஒரு நெறியாக்கியவர் மணி ஐயர். தாளத்தைக் காட்டுவதோடு நின்றிருந்த பக்கவாத்தியம் பாட்டின் பொருளில் பங்குகொள்ளும் நிலை இதனால் வலுப்பெற்றது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது, 1966இல் முதன்முறையாக ஒரு மிருதங்கக் கலைஞருக்கு, அவருக்கே, வழங்கப்பட்டது; 1971இல் பத்மபூஷண் கிடைத்தது. ஒலிபெருக்கியை விரும்பாத அவர், பெண் பாடகர்களுக்கு வாசிப்பதை நெடுங்காலம் தவிர்த்தும் வந்தார், பின்னாளில் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்து அந்த வழக்கத்தைக் கைவிட்டார். அத்தனை பெரிய கலைஞர் அவ்வளவு காலம் அப்படித் தவிர்த்ததனால் பெண்களின் மேடைக்கு நேர்ந்த இழப்பை வரலாறு மறைக்கக் கூடாது.

அந்த நாதத்துக்குப் பின்னே இன்னொரு கை இருந்தது. பலாமரத்தைக் குடைந்து செய்த கட்டையின் இருபுறமும் தோலை மூட்டி, வாரால் இழுத்துக் கட்டி, வலந்தலையின் நடுவில் கருஞ்சாந்தைச் சிறிது சிறிதாக இட்டுத் தேய்த்துச் சுருதி சேர்ப்பது மிருதங்கம் செய்யும் முறை. தொப்பி எனப்படும் இடப்புறத்தில் வாசிப்பதற்குச் சற்று முன்னர் ரவையைப் பிசைந்து ஒட்டுவர். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களில் எதனை எங்கே, எந்தத் தடிமனில் இடுவது என்பதைப் பொறுத்தே ஒலியின் தன்மை அமையும். தஞ்சாவூரைச் சேர்ந்த, தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த பர்லாந்து என்னும் கைவினைஞர் பல ஆண்டுகள் மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தார். வாசிப்பவர் விரும்பிய நாதத்தைத் தோலில் கண்டெடுக்க இருவரும் சேர்ந்து முயன்றதன் பயனே பிற்கால மிருதங்கத்தின் ஒலி. மேடையில் ஒருவர் பெயர் ஒலிக்க, தோலைப் பதப்படுத்தியவரின் பெயர் அண்மைக்காலம் வரை நூல்களில் இடம்பெறாதது நம் சமூக அமைப்பின் குற்றம். பாலக்காட்டுச் சாதனை எனப் பேசும்போது தஞ்சைப் பட்டறையையும் சேர்த்தே பேசுவதுதான் முறை.

மணி ஐயரைச் சிறுவயதிலேயே தம் கச்சேரிகளுக்கு அழைத்துச்சென்று சென்னைக்கு அறிமுகப்படுத்தியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டுக்கு மேற்கே கோட்டாயிக்கு அருகிலுள்ள செம்பை என்னும் சிற்றூரில் 1896இல் பிறந்த அவர், தந்தை அனந்த பாகவதரிடம் பயின்று, ஒலிபெருக்கி இல்லாத காலத்துப் பெருங்கூட்டங்களைத் தம் கணீர்க் குரலாலேயே ஆண்டவர். இளம் பக்கவாத்தியக் கலைஞர்களை ஊக்குவிப்பதில் அவருக்கு நிகர் அவரே என அக்காலத்தவர் ஒருமுகமாகக் கூறுவர். மணி ஐயர் மட்டுமன்றி வயலின் கலைஞர் மைசூர் சௌடையாவும் அவருடன் வாசித்து ஓங்கியவரே. சாதியும் சமயமும் கச்சேரி மேடையைச் சுற்றி வேலியிட்டிருந்த காலத்தில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த கே. ஜே. யேசுதாஸை அவர் மாணவராக ஏற்றார். 1951இல் சங்கீத கலாநிதியும் 1973இல் பத்மபூஷணும் பெற்று, 1974இல் ஒற்றப்பாலத்தில் மறைந்தார்.

அடுத்த தலைமுறையில், 1923இல் பாலக்காட்டில் பிறந்த கே. வி. நாராயணசுவாமி மணி ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து, அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்து, உருக்கமும் தூய்மையும் கூடிய பாடும் பாணியை நிறுவினார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். ரங்கூனில் பிறந்த பாலக்காடு ரகு மணி ஐயரின் மாணவராகி, சிக்கலான கணக்குகளை நாதம் கெடாமல் வாசிப்பதில் தனிப்பெயர் பெற்றார்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் அக்கிரகாரத்தோடு தொடர்புடையவை. அதற்கு வெளியிலிருந்து வந்தவர் திரையிசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன். வடகரப்பதியைப் போலவே பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் அமைந்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் தாத்தாவின் ஆதரவில் வளர்ந்து, அங்கு நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். வேலை தேடிய அவருக்குக் கணவாயின் மறுபக்கமிருந்த கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ எடுபிடி வேலையையும், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்தையும் தந்தது. டி. கே. ராமமூர்த்தியுடன் இணைந்து 1952இல் ‘பணம்’ படத்துக்கு இசையமைத்தது முதல் 1965 வரை இருவரும் சேர்ந்து உருவாக்கிய பாடல்கள், தமிழ்த் திரையிசையில் ராக இலக்கணத்தையும் மேற்கத்திய இசைக்கோவையையும் எளிய மெட்டுக்குள் பொருத்தின. பிரிவுக்குப் பின்னும் விசுவநாதன் பல்லாண்டுகள் தனியே இசையமைத்து, 2015இல் மறைந்தார்.

இவர் செய்த ஒரு பணி திரையிசைக்கு அப்பாற்பட்டது. 1970இல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாக்களுக்கு உரியதாக்கியபோது, அதற்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் விசுவநாதனே. அப்பாடலின் சொற்கள் 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதனை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் 1855இல் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் வாழ்த்துக்குச் சொல்லைத் தந்தவரும் மெட்டைத் தந்தவரும் இன்றைய கேரள எல்லைக்குள் பிறந்தவர்கள் என்பது இரு மாநிலத்துப் பள்ளிப் பாடங்களிலும் இடம்பெற வேண்டிய செய்தி.

இந்தப் போக்குவரத்துக்குப் புறக்காரணங்களும் உண்டு. 1862இல் சென்னையிலிருந்து கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை இருப்புப்பாதை முழுமையடைந்த பின், பாலக்காட்டுக் கலைஞர் ஒருவரால் ரயிலிலேயே சென்னைச் சபாக்களை அடைய முடிந்தது. சபா என்னும் கட்டணக் கச்சேரி அமைப்புகள் அந்நகரில் பெருகியதும் அதற்குப் பின்னரே. ஆட்சி எல்லைகள் அடிக்கடி மாறியும் கலையைத் தடுக்கவில்லை. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும் இருந்தன. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன, 1957இல் பாலக்காடு மாவட்டம் தோன்றியது.

எல்லைகள் மாறிய பின்னும் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் இன்றும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. செம்பை வாழ்நாளெல்லாம் பாடிவந்த குருவாயூர் ஏகாதசியையொட்டி, அவர் பெயரால் அக்கோயிலில் இசைவிழா நடைபெறுகிறது. முதிர்ந்த வித்துவான்களும் முதன்முறை மேடையேறும் சிறாரும் ஒரே அரங்கில் அடுத்தடுத்து அமர்ந்து பாடுகின்றனர்.