சூளையில் பிறந்த காந்தம்

திட்டக்குடிப் பக்கத்தவர்களுக்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் புதிதல்ல. அரைப்பது, அச்சில் அழுத்துவது, சூளையில் சுடுவது: ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் இப்படித்தான் பிறக்கின்றன. திண்டாடும் காந்தங்கள் என்று இயற்பியலாளர்கள் சொல்பவற்றில் பலவும் இப்படிப் பிறந்தவையே. ஆனால் அவற்றின் வரலாற்றில் சமன்பாடுகளுக்குக் கிடைக்கும் இடம் சூளைக்குக் கிடைப்பதில்லை. இது பெரும் குறை என்றே சொல்வேன். 1930இல் ஜப்பானின் கட்டோவும் தகேயும் உலோக ஆக்சைடுகளைச் சுட்டு ஃபெரைட் என்ற பீங்கான் காந்தத்தைச் செய்தார்கள். அந்த ஃபெரைட்டின் அணு அடுக்கை ஆராய்ந்தபோது, 1956இல், இயற்பியலாளர் ஆண்டர்சன் அதில் திண்டாட்டத்தைக் கண்டார். இத்தகைய பொருளில் அண்டை அணுக்களின் காந்தமுனைகள் எதிரெதிராக நிற்க முயல்கின்றன. முக்கோணத்தில் இரண்டு அப்படி நின்றுவிட்டால், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும்? அந்தத் தவிப்புதான் திண்டாட்டம்.

கோட்பாடு முந்தி, பொருள் பிந்தி வந்த கதையும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. இந்திய இயற்பியலாளர் ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லேண்டும் 1981இல் ஒரு திண்டாடும் அடுக்கைக் காகிதத்தில் வரைந்து, அதன் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். அதற்கு ஏற்ற பொருள் ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட் என்று ககெயாமா குழு காட்டியது 1999இல். ஆனால் அந்தப் பொருளை ஸ்மித், கெஸ்லர் என்ற வேதியியலாளர்கள் 1991லேயே செய்து, அதன் அமைப்பையும் வெளியிட்டிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. இங்கே காத்திருந்தது சுட்டெடுத்த பொருள். தாமதித்தது அதைச் சமன்பாட்டோடு சேர்த்துப் பார்த்த கண்.

சுடுவது வெறும் கைவேலை, விளக்கம்தானே அறிவியல் என்பது இதைவிட வலுவான மறுப்பு. விளக்கம் எதைப் பற்றியது என்று பார்ப்போம். ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட்டில் காந்தப்புலத்தை ஏற்றினால் காந்தமாக்கம் சீராக ஏறுவதில்லை. முழு அளவில் 1/8, 1/4 ஆகிய பங்குகளில் படிபோல நின்று நின்று ஏறுகிறது. புலம் எழுப்பும் கிளர்வுகள் எளிதில் நகர முடியாமல், ஒழுங்கான கோலமாக உறைந்துவிடுகின்றன. 1/3 படி 2000இல் தெரிந்தது, அதுவும் பெரிய ஒற்றைப் படிகங்கள் வளர்க்கப்பட்ட பின்பு. நல்ல படிகம் இல்லாமல் விளக்க வேண்டிய படி எங்கிருந்து வரும்? 2013இல் ஜப்பானியர் 118 டெஸ்லா வரை போய் 1/2 படியையும் கண்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால், மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். 118 டெஸ்லா போன்ற பெரிய புலம் சில மைக்ரோவினாடிகளே நிற்கும். அதைத் தரும் ஒற்றைச் சுற்றுச் செப்புச் சுருள் ஒவ்வொரு முறையும் வெளிப்புறமாக வெடித்துச் சிதறும். நடுவில் வைத்த படிகம் பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த அளவீட்டுக்கு.