ரேடியேட்டர் சூடாகவில்லையா? இங்கிலாந்தில் வசிக்கும் குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு

தக்கலை, திருவிதாங்கோடு, கோட்டாறு, தேங்காப்பட்டணம் பக்கங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன தலைமுறைக்கு ஏசியைப் பற்றித்தான் கவலை. இப்போது பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் இங்கிலாந்து போகிறார்கள். அங்கே கவலை நேர் எதிரானது. நவம்பர் பிறந்ததும், "ஹாலில் கை வைக்க முடியாத சூடு, பிள்ளை தூங்குற ரூம் மட்டும் சில்லென்று கிடக்குது வாப்பா" என்று போன் வருகிறது. நம் ஊர் வீடுகளில் இல்லாத சாமான் என்பதால், கம்பளியைப் போர்த்தச் சொல்வதைத் தவிர நமக்கும் வேறு பதில் தெரிவதில்லை. ஆனால் ரேடியேட்டரில் எந்த இடம் குளிர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் பழுது என்னவென்று பிடிபட்டுவிடும்.

அமைப்பு எளிதானது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதைக் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் தள்ளுகிறது. ரேடியேட்டருக்குள் சுற்றி வந்த தண்ணீர் மீண்டும் பாய்லருக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் இரண்டு முனைகளிலும் வால்வு உண்டு. ஒன்றில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். மற்றொன்று பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

முதலில் டைமரைப் பாருங்கள். சுபுஹுக்கு எழும்போது வீடு குளிர்ந்து கிடந்தால், முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். எல்லா ரேடியேட்டரும் குளிர்ந்திருந்தால் பாய்லரின் அழுத்த முள்ளைப் பாருங்கள். காம்பி பாய்லரில் அது குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். ஒளூ செய்யக் குழாயில் வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர் ஒன்றும் சூடாகவில்லை என்றால், தண்ணீரைத் திசை மாற்றிவிடும் வால்வு பாய்லருக்குள் சிக்கியிருக்கக்கூடும். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

மேல் பகுதி மட்டும் குளிர்ந்து அடிப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை பொறுங்கள். கொதிக்கும்போது திறந்தால் கை வெந்துவிடும். மேல்முனையில் உள்ள சிறிய சதுரத் திருகை, கடையில் மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர் சாவியால் இடப்புறமாகக் கால் சுற்று திருப்புங்கள். 'புஸ்' என்று காற்று வரும். தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். கீழே பழைய துணி கட்டாயம் வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் பட்டால் கறை போகாது, வாடகை முன்பணத்தில் கை வைத்துவிடுவார்கள். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போங்கள். முடிந்ததும் அழுத்த முள்ளை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும். அடிக்கடி காற்று சேர்ந்தால் எங்கோ கசிவோ உட்புறத் துருவோ இருக்கிறது.

மேலே சூடு, அடியில் நடுப்பகுதி குளிர் என்றால் துருச் சேறு படிந்திருக்கிறது. இரும்பு அரித்து உண்டாகும் கறுப்பு வண்டல் அது. காற்றை வெளியேற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பிளம்பர் கழுவி எடுத்து, துருப்பிடிக்காத மருந்தைத் தண்ணீரில் கலந்துவிட வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுக்கச் சில்லென்று இருந்தால், எண் போட்ட வால்வின் உள்ஊசி சிக்கியிருக்கலாம். கோடை முழுக்க மூடிக் கிடந்த வால்வுகளில் இது சாதாரணம். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்திப் பாருங்கள். துள்ளி மேலே வந்தால் நல்லது. இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம், தண்ணீர் பீய்ச்சிவிடும்.

அடுத்த பழுதை நாஞ்சில் நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. பாய்லருக்குப் பக்கத்து அறை கொதிக்கும், கடைசி அறை குளிரும். பேச்சிப்பாறை தண்ணீர் சானலில் வரும்போது மேலே உள்ளவர் மடையை முழுக்கத் திறந்து வைத்தால் கடைவரம்புக்கு என்ன ஆகும்? அதேதான். மூடிக்குள் ஒளிந்திருக்கும் வால்வுதான் இங்கே மடை. எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து, ஹீட்டிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சூடானதை மூடி, கால் சுற்று மட்டும் திறந்து வையுங்கள். அடுத்ததற்குக் கொஞ்சம் கூடுதல். கடைசி அறைக்கு முழுக்கத் திறப்பு. ஒரு நாள் விட்டுப் பார்த்து மறுபடி திருத்த வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

ரேடியேட்டரை மறைத்து சோபா போடுவதும் அதன் மேலேயே ஈரத் துணி காயப்போடுவதும் நம்மவர் வீடுகளில் நிறையப் பார்க்கலாம். குளிர்ந்த சுவரில் அந்த ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பூஞ்சை சின்ன விஷயம் அல்ல. ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததால் இறந்ததாக 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. சூடானிலிருந்து வந்த அந்தப் பெற்றோர் பலமுறை புகார் செய்திருந்தார்கள். அவர்களின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று தவறாக அனுமானித்ததை வீட்டுவசதி நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. குழந்தையின் பெயரிலேயே வந்த 'அவாப் சட்டம்' 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. பெரிய அளவில் ஈரமோ பூஞ்சையோ இருப்பதாகப் புகார் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான்.

தனியார் வாடகை வீடானாலும், ஹீட்டிங்கையும் வெந்நீர் அமைப்பையும் பழுதில்லாமல் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1985-ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. விசா, வாடகை என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. போனில் சொல்வதோடு நிறுத்தாமல் தேதி போட்டு ஈமெயிலில் எழுதுங்கள், சுவரின் படத்தையும் சேருங்கள்.

பாய்லர் மூடியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. கேஸ் வேலைக்கு 'கேஸ் சேஃப்' பதிவு உள்ளவரை மட்டுமே அழைக்க வேண்டும். வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேஸ் பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் இன்றே கேளுங்கள். 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம்.