பெரிய குழாயும் எங்கட புதுவீடுகளும்

மார்க்கத்தில் வீடு வாங்கிய எங்கட சனத்தோடு கதைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் எப்படி, கோயில் எவ்வளவு தூரம், 407 நெடுஞ்சாலை கிட்டவா என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்துத்தான் வாங்கியிருப்பார்கள். கக்கூசில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று விசாரித்த ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. ஆனால் அந்த வீடு அங்கே நிற்பதற்கே அந்தத் தண்ணீர் போகிற வழிதான் காரணம்.

ரொறன்ரோவுக்கு வடக்கே 1971 இல் உருவாக்கப்பட்ட யோர்க் பிராந்தியத்துக்கு ஒரு குறை உண்டு. ஒன்ராறியோ ஏரிக்கரையில் அதற்கு ஒரு அடி நிலங்கூட இல்லை. மார்க்கம், ரிச்மண்ட்ஹில் போன்ற ஊர்கள் முன்பு சிறிய சுத்திகரிப்பு நிலையங்களை வைத்துக்கொண்டு, வெளிவரும் நீரை றூஜ், டொன் ஆறுகளின் பக்கம் விட்டன. கோடையில் மெலிந்துபோகிற ஆறுகள் அவை. சனம் பெருகினால் தாங்காது. ஆகவே 1970களில் மாகாண அரசு ஒரு முடிவுக்கு வந்தது. யோர்க்கின் கழிவை ஒரு பெரிய குழாயில் சேர்த்து, அடுத்த பிராந்தியமான டுர்ஹமுக்குள் கொண்டுபோய், பிக்கரிங்கில் டஃபின் கிறீக் என்ற இடத்தில் சுத்திகரித்து ஏரியில் விடுவது. குழாயையும் நிலையத்தையும் கட்டியது மாகாணம். 1990களில்தான் அவை இரண்டு பிராந்தியங்களின் கைக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, ஆட்கள் வந்தபிறகு குழாய் போடப்படவில்லை. குழாய் வந்தபிறகுதான் ஆட்கள் வந்தார்கள். 83க்குப் பிறகு வந்த நாங்கள் முதலில் ரொறன்ரோ அப்பார்ட்மென்ட்களில் நெருக்கியடித்து இருந்துவிட்டு, பிறகு ஸ்காபரோ, அதற்குப் பிறகு மார்க்கம், ஏஜக்ஸ் என்று நகர்ந்தோம். சோளக்காடு வீட்டுத்திட்டமாக மாறிய ஒவ்வொரு இடத்திலும் நிலத்துக்குக் கீழே குழாய் முதலில் போய்ச் சேர்ந்திருந்தது.

சரி, காசு யாருடையது? முதல் குழாய் வந்த காலத்தில் பெரும்பகுதி பொது வரிப்பணம். பிறகு வந்தது, வளர்ச்சிக்கான செலவை வளர்ச்சியே கொடுக்கட்டும் என்ற கொள்கை. 1989 இலும் 1997 இலும் வந்த ஒன்ராறியோச் சட்டங்களின்படி புதுவீடு ஒவ்வொன்றுக்கும் அபிவிருத்திக் கட்டணம் அறவிடலாம். பிராந்தியம் கடன் எடுத்துக் குழாயை முதலில் தாட்டுவிடும். பிறகு வீடுகள் எழ எழ அந்தக் கட்டணத்தில் கடனை அடைக்கும். வீடு கட்டுவது மந்தமானால் கட்டணம் வராது, வட்டி மட்டும் ஏறும். 2010களின் நடுப்பகுதியில் யோர்க்கின் கடன் இரண்டு பில்லியன் டொலரைத் தாண்டி நின்றது. குழாய் மட்டுமல்ல, ஆனால் குழாய் அதில் பெரிய பங்கு.

கட்டணத்தைக் கட்டுவது பில்டர்தானே என்பார்கள். பில்டர் தன் மடியிலிருந்தா கொடுக்கிறார்? வீட்டு விலையில் ஏறுகிறது. விலை மோட்கேஜில் ஏறுகிறது. 25 வருடம் வட்டியோடு கட்டுகிறோம். முன்னால் வந்தவர்களுக்கு எல்லோருடைய வரியிலும் குழாய் கிடைத்தது. பின்னால் வந்த குடியேறி தன் குழாய்க்குத் தானே கடன்பட்டான். "வந்தேறிகளால் செலவு கூடிப்போச்சு" என்று வானொலியில் யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் எங்கள் பில்லில் வராத செலவும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் மார்க்கத்தில் 16ஆம் அவெனியூ வழியே ஆழமாகக் குழாய் தோண்டியபோது, குழியை உலர்த்த நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் சிலருடைய கிணறுகள் வற்றின. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற தண்ணீரை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு அதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது ஏஜக்ஸ். அங்கே கரையில் கோடையில் பாசி ஒதுங்கி நாறுகிறது. பொஸ்பரஸ் டஃபின் கிறீக்கிலிருந்து வருகிறது என்றது ஏஜக்ஸ் நகரசபை. வெளியிலிருந்து வந்த சிப்பிகள் ஏரியைத் தெளிவாக்கியதால் வெளிச்சம் ஆழத்துக்குப் போய்ப் பாசி வளர்கிறது, ஆறுகளும் பொஸ்பரஸ் கொண்டுவருகின்றன என்றன பிராந்தியங்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை உண்டு. 2016 இல் மாகாண அமைச்சர் பொஸ்பரஸைக் குறைக்கத் திட்டம் போடும்படி பிராந்தியங்களுக்கு உத்தரவிட்டார். மார்க்கம் தமிழன் கழுவி விட்டதை ஏஜக்ஸ் தமிழன் மணக்கிறான் என்று ஒரு நண்பர் பகிடி விட்டார். முழுப் பகிடியும் அல்ல.

வடக்கே ஓறோறா, நியூமார்க்கட், ஈஸ்ட் குவிலிம்பரி வளர்ந்தபோது யோர்க் வேறு வழி தேடியது. சிம்கோ ஏரியின் நீரேந்து பரப்பிலேயே ஒரு மிக நவீன நிலையம். 2014 இல் சுற்றாடல் மதிப்பீட்டைச் சமர்ப்பித்தது. மாகாணம் வருடக்கணக்காக முடிவு சொல்லவில்லை. அந்த ஏரியின் ஜோர்ஜினா தீவில் வாழும் சிப்பவா பூர்வகுடி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எத்தனை வடிகட்டி வைத்தாலும் ஊரார் கழிவு தங்கள் தண்ணீருக்குள் வருவதை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்தில் நின்று யோசிக்க எங்களுக்குத் தெரிய வேண்டும்.

2022 இல் 23ஆம் இலக்க மசோதா வந்தது. சிம்கோத் திட்டம் கைவிடப்பட்டது. வடக்கு ஊர்களின் கழிவும் தெற்கே டஃபின் கிறீக்குக்கே போகவேண்டும் என்றாயிற்று. அந்தக் குழாய் வேலைக்குச் சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கும் கொடுத்தார்கள். அதே மசோதா அபிவிருத்திக் கட்டணத்திலும் கைவைத்தது. புதுக்கட்டணத்தை ஐந்து வருடத்தில் படிப்படியாகத்தான் முழுமையாக அறவிடலாம் என்று சொன்ன பகுதியை 2024 இல் அரசே திரும்ப எடுத்தது. வேறு சலுகைகள் இருக்கின்றன. அவற்றால் குறைகிற காசைப் பிராந்தியம் தண்ணீர் பில்லிலோ சொத்து வரியிலோதான் தேட வேண்டிவரும். அடுத்தமுறை கவுன்சிலர் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தால், பனி அள்ளுவதைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்.