விக்கிப்பீடியாவில் அழிக்கப்பட்ட கட்டுரை திரும்ப வருமா? உங்க ஊர் பக்கம் காணாமப் போனா என்ன செய்யணும்?

திருச்செந்தூர் அருகே உள்ள ஆலந்தலை போன்ற மீனவர் ஊர்களின் வரலாறு பெரும்பாலும் ஆலய விழா மலர்களிலும் பெரியவர்களின் பேச்சிலும்தான் இருக்கிறது. அதை ஒருவர் விக்கிப்பீடியாவில் ஏற்றுகிறார், மறுநாள் பார்த்தால் பக்கமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதியதெல்லாம் போச்சா? இல்லை. மீட்க வழி இருக்கிறது.

ஏன் அழிக்கிறார்கள்?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நடத்துவது தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பக்கத்தை அழிக்கும் வசதி நிர்வாகிகளுக்கு மட்டுமே உண்டு. சான்று இல்லாதது, விளம்பரம் போல இருப்பது, வேறு இடத்திலிருந்து அப்படியே நகலெடுத்தது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

முழுசா அழிஞ்சிடுமா?

சில பத்திகளை மட்டும் யாரோ நீக்கியிருந்தால், பக்கத்தின் 'வரலாறு' பகுதியில் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். அதை நீங்களே மீட்கலாம். பக்கமே அழிக்கப்பட்டிருந்தாலும் தரவுத்தளத்தில் அது இருக்கும். நிர்வாகிகளால் மட்டுமே அதைப் பார்க்கவும் மீட்கவும் முடியும்.

எங்கே கேட்பது?

யார், எப்போது, எதற்காக அழித்தார் என்பது 'நீக்கல் பதிவில்' இருக்கும். முதலில் அந்த நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் மீட்புக் கோரிக்கைக்கும் மேல்முறையீட்டுக்கும் தனித்தனிப் பக்கங்களே உண்டு. அங்கே மேல்முறையீட்டு விவாதம் பொதுவாக 7 நாட்கள் நடக்கும்.

எது திரும்ப வராது?

காப்புரிமை மீறல், தனிநபர் அவதூறு போன்றவற்றை மீட்க மாட்டார்கள். விழா மலர் கட்டுரையை அப்படியே போட்டிருந்தால், உரிமையாளர் கட்டற்ற உரிமத்தில் வெளியிடச் சம்மதித்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். படங்களுக்கும் இதே விதிதான். அதைவிட எளிது, தகவலை எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதுவது.

கோர்ட் நீக்கச் சொன்னால்?

ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடர்ந்த வழக்கு பற்றிய ஆங்கிலப் பக்கத்தை நீக்கும்படி 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிர்வாகிகள் அல்ல, விக்கிமீடியா அறக்கட்டளையே அந்தப் பக்கத்தை முடக்கியது. 2025 மே 9-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இதுபோன்ற விஷயத்தில் தன்னார்வலர்கள் மட்டும் பேசி முடிவெடுக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

'ஏன் அழிச்சீங்க?' என்று சண்டை போடுவதைவிட, செய்தித்தாள், அரசு ஆவணம், நூல் என 2 அல்லது 3 நம்பகமான சான்றுகளோடு போய்க் கேளுங்கள். பழைய உரையை உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் வரைவாகத் தரச் சொல்லலாம். அங்கே திருத்தி, சான்று சேர்த்த பிறகு மீண்டும் வெளியிடலாம். எழுதியதன் ஒரு நகலை கையில் வைத்திருப்பதும் நல்லது.