மன்னர் வாங்கிய கைக்கடிகாரம்



பெரட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்க நமக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். ஆனால் 2017ஆம் ஆண்டில் ஒரு பழைய ரோலெக்ஸ் கைக்கடிகாரம் 50 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போயிற்று. அதன் கதையை இன்று காண்போம்.

1954இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் வல்லரசுகள் கூடி இந்தோசீனப் போரைப் பற்றிப் பேசின. வியட்நாமின் கடைசி மன்னரான பாவோ டாய் அப்போது அந்நாட்டின் தலைவர். மாநாட்டுச் சமயத்தில் அவர் அங்குள்ள கடையொன்றில், இருப்பதிலேயே அரிய ரோலெக்ஸைக் கேட்டு வாங்கினாராம். ஏலக்காரர்கள் சொல்லும் கதை இது. தங்க உறை, கறுப்பு முகம், இரட்டைப்படை மணிகளுக்கு வைரக்கல். கிழமை, தேதி, மாதத்தோடு வளர்பிறை தேய்பிறையும் காட்டும். அதே ஜூலையில் அவர் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு பதவியும் பறிபோயிற்று.

அந்த நாட்டிலும் நம்மைப் போல் பால்மரம் சீவியவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள், மிசெலின் கம்பெனியின் பூ ரியெங் தோட்டத்தில் அடி உதை பொறுக்காமல் 1930 பிப்ரவரியில் வேலை நிறுத்தம் செய்தார்கள். பிரெஞ்சுப் படை வந்து அடக்கியது. பெயரளவில் மன்னரான பாவோ டாய் அப்போது பிரான்சில் படித்துக்கொண்டிருந்தார்.

1997இல் அவர் காலமானார். 2002இல் கடிகாரம் ஏலத்துக்கு வந்தபோது விலை 342,000 பிராங்க். 2017 மே மாதம், அதே ஜெனீவாவில், 5,066,000 பிராங்க்! கடிகாரம் அதேதான், விரும்புவோர்தாம் பெருகிவிட்டார்கள். 1969இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்கத் தொடங்கியதும், சாவி கொடுத்து ஓடும் சுவிஸ் கடிகாரத் தொழில் ஆட்டம் கண்டது. நேரம் பார்க்க அது தேவையில்லை என்றான பிறகே, சேகரிப்போருக்கு அது அரும்பொருளாயிற்று.

அவர்கள் தங்கத்தின் எடையைப் பார்ப்பதில்லை. முகத்துக்கு மறுவண்ணம் பூசியிருக்கிறதா, உள்ளுறுப்புகள் மாற்றப்பட்டனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பளபளவென்று மெருகேற்றினால் விலை குறையும்! எத்தனை செய்யப்பட்டன, யார் கையில் இருந்தது என்பனவும் முக்கியம்.

பாவோ டாய் கடிகாரத்தின் சாதனை சில மாதங்களே நிலைத்தது. 2017 அக்டோபரில், நியூயார்க்கில், நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் ஏறத்தாழ 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அது வெறும் எஃகு. கார்ப் பந்தயப் பிரியரான அவருக்கு, வண்டியைப் பார்த்து ஓட்டும்படி மனைவி அதன் பின்புறம் பொறித்துக் கொடுத்திருந்தார்.