காணாமற்போன பாதி

இருண்ட சடப்பொருள் என்றதும் நமது பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன. ஆனால் ஐதரசன், ஒட்சிசன் என்று நாம் கரும்பலகையில் எழுதுகின்ற சாதாரண சடப்பொருளிலும் ஒரு பெரும்பகுதி நெடுங்காலம் கணக்கில் வரவில்லை. இரண்டும் வேறு வேறு கதைகள். பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1956இல் பிரின்ஸ்டனில் இருந்த லைமன் ஸ்பிட்சர் ஒரு கட்டுரை எழுதினார். பால்வீதியின் தட்டுக்கு மிக மேலே குளிர்ந்த வாயு முகில்கள் இருப்பதை கீடோ முன்ச் என்பவர் அப்போது அவதானித்திருந்தார். நட்சத்திர ஒளியில் கல்சியமும் சோடியமும் பதித்த கோடுகள்தான் சாட்சி. ஸ்பிட்சர் கேட்டது வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். வெற்றிடத்தில் விட்ட வாயு விரிந்து கலைந்துபோக வேண்டுமே, இவை ஏன் கலையவில்லை? அப்படியானால் வெளியே இருந்து ஏதோ அமுக்குகிறது. அது கண்ணில் படாததால் மிக ஐதான வாயுவாக இருக்க வேண்டும். ஐதான வாயு போதிய அமுக்கத்தைக் கொடுக்க வேண்டுமானால் கடும் சூடாக இருக்க வேண்டும். சுமார் பத்து இலட்சம் பாகை என்று கணக்கு வந்தது. யாரும் பார்த்திராத ஒரு பொருளை வெறும் அமுக்கத்தை வைத்தே ஊகித்த இந்தத் துணிவு நமக்கு மிகவும் பிடித்தமானது. விண்வெளியில் தொலைகாட்டி வைக்க வேண்டும் என்று 1946இலேயே எழுதிய மனிதரும் இவர்தான். ஹபிள் மேலே போனது 1990இல்.

பிறகுதான் கணக்குச் சிக்கல் பெரிதானது. பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் உருவான தியூத்தேரியத்தின் அளவை வைத்து மொத்தச் சாதாரண சடப்பொருள் எவ்வளவு என்று சொல்லலாம். அருகிலுள்ள நட்சத்திரங்களையும் வாயுவையும் எண்ணினால் அந்தத் தொகை வரவில்லை. 1999இல் அதே பிரின்ஸ்டனில் சென், ஒஸ்ட்ரைக்கர் இருவரும் கணினியில் பிரபஞ்சத்தை வளர்த்துப் பார்த்தார்கள். மீதி, விண்மீன் கூட்டங்களுக்கு இடையே சூடான ஐதான இழைகளாகக் கிடக்கும் என்று விடை வந்தது. ஆனால் அது கணினி சொன்ன விடை. கண்டுபிடித்துக் காட்ட வேண்டுமே!

உதவிக்கு வந்தவை எதிர்பாராத விருந்தாளிகள். தொலைதூரத்தில் இருந்து வரும், மில்லிசெக்கன்கள் மட்டுமே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகள். வழியில் இலத்திரன்கள் இருந்தால் குறைந்த மீடிறன் அலை பிந்தி வந்து சேரும். எவ்வளவு பிந்துகிறதோ, வழியில் அவ்வளவு இலத்திரன்கள். எந்தக் கூட்டத்தில் இருந்து வந்தது என்றும் தெரிந்தால் இடையில் கிடக்கும் வாயுவை நிறுத்துவிடலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் 36 தட்டுகளைக் கொண்ட அஸ்காப் தொலைகாட்டியால் ஜோன்-பியர் மக்கார்ட்டின் குழு இதைச் செய்தது. கையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வெடிப்புகள்தான். தொகை பொருந்தியது. கட்டுரை 2020 மே 27இல் வெளிவந்தது. இரண்டு வாரம் ஆகுமுன், 45 வயதில், மக்கார்ட் காலமானார்.

2025இல் வெளியான, இன்னும் அதிகமான வெடிப்புகளை வைத்துச் செய்த கணக்கின்படி, சுமார் 76 வீதம் விண்மீன் கூட்டங்களுக்கு இடைப்பட்ட வெளியில் கிடக்கிறது. கூட்டங்களைச் சூழ்ந்த ஒளிவட்டங்களில், அதாவது ஸ்பிட்சர் ஊகித்த அந்த வகை இடத்தில், இருப்பது சுமார் 15 வீதம். எஞ்சிய சிறு பங்குதான் நட்சத்திரங்களும் குளிர்ந்த வாயுவும்.