தரணி பிறந்த கதை

2024 டிசம்பரில் சென்னை ஐஐடி 'தரணி'யை வெளியிட்டது. கருவில் வளரும் குழந்தையின் மூளையைச் செல் அளவில், முப்பரிமாணத்தில் காட்டும் வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஐஐடியின் பழைய மாணவரும் இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்த நிதியில், 2022-இல் அங்கே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் மருத்துவர் அல்ல, மின் பொறியியல் பேராசிரியர். கரு மருத்துவம் அறிந்தவர்கள் மயிலாப்பூரில், மெடிஸ்கேன் கரு மருத்துவ மையத்தில் இருந்தார்கள். இரு தரப்பும் சேர்ந்தபோது வேலை நடந்தது.

பிறக்காமலே போன ஐந்து கருக்களின் மூளைகள். 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்தவை. ஒவ்வொன்றையும் உறையவைத்து, மயிரிழையை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, ஸ்கேன் செய்தார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். அந்த ஐந்து குடும்பங்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஸ்டெம் செல், அதாவது மற்ற வகைச் செல்களை உருவாக்கும் மூலச் செல், சரியான இடத்தில் என்ன செய்யும் என்பதை இந்தச் சீவல்களில் பார்க்கலாம். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் சுவரையொட்டி ஸ்டெம் செல்கள் நெருக்கியடித்துப் பெருகுகின்றன. அவற்றிலிருந்து பிறந்த நரம்புச் செல்கள் மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் நோக்கி ஊர்ந்து, அடுக்கடுக்காக இடம் பிடிக்கின்றன. நம் பெருமூளையின் நரம்புச் செல்களில் மிகப் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. பிறகு அவை ஆயுள் முழுக்கப் பின்னும் இணைப்புகளில்தான் நம் நினைவுகள் இருக்கின்றன. அல்சைமர் அழிப்பது அந்த இணைப்புகளை.

அப்படியானால் ஸ்டெம் செல் ஏற்றி அல்சைமரைக் குணப்படுத்தலாமா? எழுபது வயது மூளையில் அந்த இழைகளும் இல்லை, அந்த வளர்ச்சிச் சூழலும் இல்லை. கை ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஆராய்ச்சிகள் நடக்கின்றன, நடக்கவும் வேண்டும். ஆனால் அல்சைமருக்கு நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இன்றுவரை எதுவும் இல்லை.

அம்மாவுக்குப் பிள்ளையின் பெயர் மறந்துபோன வீட்டில், "ஸ்டெம் செல் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நகையை விற்றாவது கொடுக்கத் தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, மஜ்ஜை மாற்று போன்ற ரத்த நோய்ச் சிகிச்சைகள் தவிர மற்றவை ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ஆகவே மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பெற்ற பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றாலும், பணம் கேட்டாலும், அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.